மூணு பத்துக்குப் பேசிய குழாய்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு வருகிறது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் முட்ட, பக்கத்தில் நிற்கிறவன் தோளில் ஓங்கி அடித்துச் சிரிக்கிற சிரிப்பு. அது எந்த இடத்தில் வருகிறது என்று இப்போதே சொல்லிவிட்டால் நேரே அங்கே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வீர்கள், வழியில் நடந்ததையெல்லாம் அப்புறம் யார் கேட்பது? அதனால் சிரிப்பை வேட்டி மடியில் முடிந்துவைத்துவிட்டு, முதலில் மாசானத்தைப் பார்ப்போம்.

மாசானத்துக்கு வயது பத்தொன்பது. பூல்பாண்டி மைக் செட்டில் வேலை. வேலை என்ன வேலை, அங்கேயே வளர்ந்தவன். அவன் தொண்டைக்குள் ஒரு சந்தையே கூடும். 'உள்ள போ, உள்ள போ, படியில தொங்குனா நான் பொறுப்பில்ல' என்கிற கண்டக்டர், கல்யாண மண்டபத்தில் ரசம் தன் இலைக்கு மட்டும் வரவில்லை என்று கொதிக்கிற மாப்பிள்ளையின் சித்தப்பா, 'யாருப்பா வெறும் வயித்துல இருக்கது, முன்னால வா' என்கிற ஆஸ்பத்திரி நர்ஸ், மழைக்கு முன்னால் கத்துகிற தவளை, மழைக்குப் பின்னால் கத்துகிற தவளை (இரண்டும் வேறு வேறு), எல்லோரும் அவனுக்குள் வாடகை தராமல் குடியிருந்தார்கள். படிக்கிற காலத்தில் ஹெட்மாஸ்டர் குரலில் ஜன்னலுக்கு வெளியே நின்று 'இன்று பள்ளிக்கு விடுமுறை' என்று சொன்னான். ஒரு பிள்ளைகூடச் சந்தேகப்படவில்லை, எல்லாம் வீட்டுக்குப் போயின. ஹெட்மாஸ்டரும் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

அந்தச் சிரிப்பு இது இல்லை. பொறுங்கள்.

இத்தனை குரல் இருந்தும் அவனுக்கென்று ஒரு குரல் கிடையாது. தூக்கத்தில் உளறினாலும் யாரோ ஒருவர் குரலில்தான் உளறினான், காலில் முள் குத்தினால் யாரோ ஒருவரின் 'அம்மா'வைத்தான் கத்தினான், சிரித்தால் அந்தச் சிரிப்பு மளிகைக்கடைக்காரர் சிரிப்பாகவோ போஸ்ட்மேன் சிரிப்பாகவோ இருந்தது. தனியாக இருக்கும்போது ஒரு தடவை தன் குரலில் பேசிப் பார்ப்போம் என்று வாயைத் திறந்தான். காற்று வந்தது. வேறொன்றும் வரவில்லை.

காரணம் அவனுக்குத் தெரியும் என்று அவன் நினைத்திருந்தான். மூன்று வயதில் ஏதோ ஒரு ஊர்க் கோயில் கொடையில், திருவிழாக் கூட்டத்துக்குள், சிவப்பு டவுசரும் கையில் ஓலைக் காற்றாடியுமாகத் தொலைந்துபோனவன் அவன். பேர் என்னடா என்று கேட்டால் பலூன்காரனைப் போல ஊதிக் காட்டினான், அப்பா யாருடா என்று கேட்டால் பஸ் ஹாரன் அடித்தான். "மூணு நாளு, ஒரு நாளைக்கு மூணு தடவ, தொண்டை கிழிய மைக்ல கூப்பிட்டேம்ல" என்பார் பூல்பாண்டி. "இந்தா பாரு, இந்தக் கரகரப்பு அன்னைக்கு விழுந்ததுதான். ஒரு சீவன் வரல." எந்த ஊர் என்று கேட்டால், முப்பத்தைந்து வருஷத் தொழிலில் எத்தனையோ கொடை, எந்த ஊரென்று கண்டது என்பார். தன்னை அவன் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட வேண்டும். "அப்பாங்கிற வார்த்தையைப் பத்திரமா வச்சிக்கோ. உள்ளவன் ஒரு நாளு வருவான், அவனுக்குக் குடு."

யாரும் வராத பிள்ளைக்குச் சொந்தக் குரல் மட்டும் எங்கிருந்து வரும் என்பது அவன் கணக்கு. ஆகவே கூப்பிட்டும் வராதவர்களைத் தேடுவது மாசானத்தின் தொழிலாகிவிட்டது. ஒன்பது வயதில் உப்பு லாரியில் ஏறிப் போனான், பன்னிரண்டில் காவடிக் கூட்டத்தோடு அலகு குத்தாமலே ஆறு நாள் நடந்தான், பதினைந்தில் தோணியில் ஒளிந்து தீவுத் திருவிழாவுக்குப் போய் வாந்தியெடுத்துத் திரும்பினான், எங்கே போனாலும் மைக் எங்கே இருக்கிறதோ அங்கே போய் நின்று, அந்த மைக்காரரின் குரலிலேயே, 'மூன்று வயது மதிக்கத்தக்க ஆண் குழந்தை, சிவப்பு டவுசர், கையில் ஓலைக் காற்றாடி, தவறவிட்டவர்கள் உடனே வரவும்' என்று தன்னைத் தானே அறிவித்தான். மீசை முளைத்த பின்னும் மூன்று வயது என்றுதான் சொன்னான். வேறு அடையாளம் அவனிடம் இல்லை. ஒவ்வொரு ஊரிலும் கால் மணி நேரம் காத்திருப்பான். அப்புறம் பூல்பாண்டியிடம் திரும்பி வருவான். அவர் ஒன்றும் கேட்காமல் சோற்றைப் போட்டு வைப்பார்.

பூல்பாண்டியிடம் இரண்டு பழக்கங்கள் இருந்தன. ஒன்று, மைக்கைக் கையில் வாங்கியதும் நடுவிரலால் டொக், டொக் என்று இரண்டு தட்டு தட்டி, அந்தச் சத்தம் ஒலிபெருக்கிக் குழாயில் போய் எதிரொலித்து வருகிறதா என்று காது கொடுத்த பிறகுதான் வாயைத் திறப்பார். முதல்வர் வந்து நின்றாலும் முனியசாமி வந்து நின்றாலும் முதலில் டொக், டொக். இன்னொன்று, வாகைநேரி என்கிற ஊருக்கு மட்டும் மைக் செட் கட்டப் போகமாட்டார். "அந்த ஊர்த் தண்ணி எனக்கு ஒத்துக்காது" என்பார்.

சித்திரையில் அவருக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். ஒரு மாதம் வெளியே வரக்கூடாது. அந்த வாரம் வாகைநேரிக் கொடைக்குக் கேட்டு போன் வந்தது. போனை எடுத்த மாசானம், எடுத்த கையோடு பூல்பாண்டியாகித் தொண்டையைச் செருமி, "அதுக்கென்ன அண்ணாச்சி, ஜமாய்ச்சிருவோம்" என்று ஒப்புக்கொண்டுவிட்டான். போகாத ஊர் என்று அவனிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். நான்கு குழாய் கேட்டார்கள். கைவசம் மூன்றுதான் இருந்தன. பரணில் சாக்கு சுற்றிக் கிடந்த பழைய குழாய் ஒன்றை, வாயோரம் நசுங்கி ஊமத்தம்பூ மாதிரி இருந்ததை, 'அது செத்துப்போச்சு, தொடாத' என்று பூல்பாண்டி பல வருஷமாகச் சொல்லிவந்ததை, இறக்கித் துடைத்து வண்டியில் ஏற்றினான்.

வாகைநேரி ஒரு சந்தேகக்கார ஊர். பால்காரர் மாட்டைக் கண்முன்னால் கறந்து கொடுத்தாலும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியது எப்போது என்று கேட்பார்கள். ஊரில் ஆளுக்குக் கொஞ்சம் சந்தேகம் என்றால் ஊருக்கே சேர்த்து வைத்திருந்தவர் சொர்ணப்பன் ஏட்டு. போலீஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்று எட்டு வருஷமாகியும் அவருக்குச் சந்தேகத்திலிருந்து ஓய்வு கிடைக்கவில்லை. கோயில் முன்னால் ஒரு பெரிய பூவரசு. அதன் அடியில் வடைக்கடை போட்டிருந்தவள் தெய்வானை, ஊருக்கே மதினி. பழைய குழாயை மாசானம் அந்தப் பூவரசில்தான் கட்டினான்.

கொடை மூன்று நாளும் சிறப்பாக நடந்தது. மாசானம் கோயில் தலைவர் குரலில் அன்னதானத்தை ஒரு மணி நேரம் முன்னாலேயே ஆரம்பித்துவைத்தான், ஏட்டையா குரலில் ஏட்டையாவையே 'பந்தலுக்கு வரவும்' என்று கூப்பிட்டு அவரை ஓடவைத்தான், கடைசி நாள் மத்தியானம் வழக்கம்போலத் தன்னை அறிவித்துவிட்டுக் கால் மணி நேரம் காத்திருந்தான். யாரும் வரவில்லை. மறுநாள் வயர்களைச் சுருட்டி, ஆம்பிளிஃபயரைப் பெட்டியில் வைத்து, மூன்று குழாய்களை இறக்கி, நாலாவதை இறக்க மரத்தில் கால் வைத்தபோது மணி மூணு பத்து. வயர் அறுந்து தொங்குகிற அந்தக் குழாய் பேசியது.

"அன்பார்ந்த பக்தப் பெருமக்களுக்கு ஓர் அறிவிப்பு. மூன்று வயது மதிக்கத்தக்க ஓர் ஆண் குழந்தை, சிவப்பு டவுசர் அணிந்து, கையில் ஓலைக் காற்றாடியுடன், பெற்றோரைத் தவறவிட்டு நமது பந்தலில் அழுதுகொண்டு இருக்கிறது. பெற்றோர் எங்கிருந்தாலும் உடனே பந்தலுக்கு வந்து குழந்தையை அழைத்துச் செல்லும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறது."

கரகரப்பு இல்லாத, இளம் வயதுப் பூல்பாண்டியின் குரல். கடைசி வார்த்தைக்குப் பிறகு ஒரு பெருமூச்சு. அவ்வளவுதான். பூவரசிலிருந்து இரண்டு காகம் எழுந்து போயின.

தெய்வானை வடைச் சட்டியைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "கொடை முடிஞ்சும் விளையாட்டு முடியலியா தம்பி?" என்றாள்.

"நான் பேசல மதினி."

"இதையும் குழாயில வந்த அதே குரல்லதான சொல்லுத?"

பார்த்தால் அவள் சொன்னது சரி. அந்த நேரத்தில் அவனுக்கு வேறு குரல் வரவில்லை.

மறுநாளும் மூணு பத்துக்குக் குழாய் பேசியது, அதற்கு மறுநாளும் பேசியது. நாலாம் நாள் ஏட்டையா விசாரணையை ஆரம்பித்தார். மாசானத்தை ஊர் நடுவில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, வாய் நிறையத் தண்ணீர் ஊற்றி, "ஒரு சொட்டு விழுங்கக்கூடாது, ஒரு சொட்டு துப்பக்கூடாது" என்றார். மணி மூணு பத்து. குழாய் பேசியது. மாசானத்தின் கன்னம் பலூன் மாதிரி உப்பியிருந்தது. பேசி முடிந்ததும் ஏட்டையா ஒரு டம்ளரை நீட்டித் துப்பச் சொல்லி, ஊற்றிய அளவும் துப்பிய அளவும் சரியா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"சரியா இருக்கே ஏட்டையா" என்றார்கள்.

"அதான்வே சந்தேகமா இருக்கு. எச்சி சேந்து கூடல்லா செய்யணும்?" என்றார் அவர். "விசாரணை முடியுத வரைக்கும் ஊர் எல்லையத் தாண்டக்கூடாது." மாசானம் தாண்டவும் நினைக்கவில்லை. குழாய் பழைய ஞாபகத்தில் பேசுகிறது என்று அவன் புரிந்துகொண்டிருந்தான்: என்றோ எங்கோ அண்ணாச்சி இதில் ஒன்பது தடவை கத்தினார், அது குழாயின் உடம்பில் ஊறிப்போய், இப்போது வயதான காலத்தில் தானாகப் பிதற்றுகிறது. ஆனாலும் ஒவ்வொரு நாளும் மூணு பத்துக்கு மரத்தடிக்கு வந்து நின்றான். ஒவ்வொரு நாளும் கால் மணி நேரம் தெருவின் இரண்டு முனையையும் பார்த்தான். ஒவ்வொரு நாளும் பதினாறு வருஷத்துக்கு முந்தைய அந்த மத்தியானம் புதிதாக நடந்தது, புதிதாக யாரும் வரவில்லை.

ஊரோ ஐந்தாம் நாளுக்குள் குழாயைப் பழகிக்கொண்டது. தெய்வானை, குழாய் பேசினால் இரண்டாம் ஈடு வடைக்கு மாவு கலக்கலாம் என்று கணக்கு வைத்துக்கொண்டாள், பள்ளிக்கூடத்துக் கடைசி மணியைக் குழாய்க்கு ஏற்பத் திருத்தினார்கள், சர்க்கரை மாத்திரை தின்கிறவர்கள் குழாய் பேசியதும் தின்றார்கள், தொட்டிலில் கிடக்கிற பிள்ளைகள் 'கேட்டுக்கொள்ளப்படுகிறது' என்ற சொல்லுக்குச் சரியாகத் தூங்கின. அறிவிப்பு தெரிந்த குழாய்தானே என்று தங்கள் காணாமல்போன சாமான்களையும் சீட்டில் எழுதி மரத்தில் குத்திவைத்தார்கள்: கறுப்பு வெள்ளாடு ஒன்று, எவர்சில்வர் தூக்குவாளி ஒன்று, சண்டைபோட்டுக்கொண்டு போன மருமகன் ஒன்று. குழாய் எதையும் சட்டை செய்யவில்லை. சிவப்பு டவுசரைத் தவிர அதற்கு உலகத்தில் வேறு கவலை கிடையாது.

பழகிய பிறகுதான் சந்தேகம் வேலையைத் தொடங்கியது. குழாய் பேசுவதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அது பேசுகிறது, காது இருக்கிறவனுக்குக் கேட்கிறது. சந்தேகமெல்லாம், அது யார் வீட்டுப் பிள்ளை என்பதில்தான். நம் ஊர் மரத்தில் ஏறி நின்று கூப்பிடுகிறது என்றால் நம் ஊரில்தானே எவளோ பிள்ளையைத் தொலைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கிறாள்? வீட்டுக்கு வீடு ரேஷன் கார்டை எடுத்துத் தலை எண்ணினார்கள். கீழத்தெருவில் ஆறு பிள்ளைக்காரர் ஒருவர் மூன்று தடவை எண்ணி மூன்று தடவையும் ஏழு வந்ததால் பயந்து, பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்று சோற்றுக்கு உட்கார்ந்திருப்பது தெரிகிற வரைக்கும் பெண்டாட்டியை முறைத்துக்கொண்டே இருந்தார். 'ஒரு வருசம் உங்க வீட்டுக்குக் கொடைக்கு வந்தாளே ஒரு மச்சினி, வரும்போது இடுப்புல இருந்தது போகும்போது இருந்துச்சா?' என்று ஒருத்தி கேட்க, 'உன் இடுப்புல இருந்ததப் பத்தி நான் வாயத் திறக்கட்டுமா?' என்று இன்னொருத்தி கேட்க, தண்ணீர்க் குழாயடியில் மூன்று குடம் நசுங்கியது.

அதே டவுசரையும் காற்றாடியையும் கொடையில் அறிவித்தவன் அவன்தானே என்று, மாசானத்தின் காது மடலையும் கால் விரலையும் பார்க்க ஆள் வந்தது. அதிலும் ஒரு சிக்கல். எதிரே நிற்கிறவரின் தோரணை தன்னையறியாமல் அவன் உடம்பில் ஏறிவிடும். சாய்ந்து நடக்கிறவர் வந்தால் சாய்ந்து நடந்தான், மூக்கைச் சுளிக்கிறவர் வந்தால் மூக்கைச் சுளித்தான். ஆகையால் வந்து பார்த்த அத்தனை பேருக்கும் அவன் தங்கள் வீட்டு ஜாடையாகத் தெரிந்தான். அவரவர் வீட்டுக்குப் போய், இந்தக் குடும்பத்தில் யார் எனக்குத் தெரியாமல் என்ன செய்தார்கள் என்று கதவைச் சாத்திக்கொண்டு விசாரித்தார்கள்.

மாசானத்துக்கும் சந்தேகம் பிடித்துக்கொண்டது. இத்தனை வருஷமாக ஊரை ஏமாற்றியவனை ஒரு ஊர் திட்டம்போட்டு ஏமாற்றுகிறதோ? ஏழாம் நாள் மரத்தில் ஏறிக் குழாய்க்குள் தலையை விட்டுப் பார்த்தான். ஒரு குளவிக் கூடு இருந்தது, குளவி இல்லை. கீழே இறங்கினால் ஏட்டையா நின்றுகொண்டிருந்தார்.

"உள்ள என்னல இருக்கு?"

"ஒண்ணும் இல்ல ஏட்டையா."

"என் பேரு ஏதும் சொல்லிச்சா?"

"உங்க பேரை அது ஏன் சொல்லப்போகுது?"

"சும்மா கேட்டேன்" என்று துண்டால் முகத்தைத் துடைத்தார். வேர்வை என்னவோ மாசானத்துக்குத்தான் ஊற்றிக்கொண்டிருந்தது. தான் சந்தேகப்படுகிற முகம் எப்படி இருக்கும் என்று வாகைநேரிக்குத் தெரியும். சந்தேகப்படுவார்களோ என்று பயப்படுகிற முகத்தை அன்றைக்குத்தான் மாசானம் ஏட்டையாவிடம் பார்த்தான். பார்த்ததும் அவன் முகமும் அப்படியே ஆனது. ஏட்டையா கண்ணாடியைக் கண்டவர் மாதிரி திரும்பி வேகமாகப் போய்விட்டார்.

ஒன்பதாம் நாள், இரண்டரை மணி பஸ்ஸிலிருந்து கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் படியைத் தடவித் தடவி இறங்கினார். பூல்பாண்டி. சேதி பஸ் பஸ்ஸாக ஏறி அவர் காதுக்குப் போயிருந்தது.

"ஏலே, என் குரல்ல பேசிக் கொடை பிடிச்சியோ?"

"பிடிச்சேன் அண்ணாச்சி."

"உலகத்துல இத்தனை ஊர் இருக்க, இந்த ஊருதானா உனக்கு வாச்சுது? அந்தக் குழாயத் தொடாதன்னு சொன்னேன்லா? கழட்டு. நாலு மணி பஸ்ஸுக்குப் போயிருவோம். கழட்டுல முதல்ல."

கழட்டுவதற்குள் கூட்டம் கூடிவிட்டது, கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஏட்டையா வந்துவிட்டார். "நில்லும்வே. கண்ணாடியக் கழட்டும்" என்றார். பூல்பாண்டி கழட்டினார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருவருக்கு ஒரு கண்ணில் பச்சைத் துணி, இன்னொருவருக்கு இரண்டு கண்ணிலும் பயம்.

"அந்த மைக்காரர்" என்றார் ஏட்டையா, காற்றுப் போன குரலில்.

பிறகு அவர் நிறுத்தவில்லை. எட்டு நாளாக அடைத்துவைத்திருந்தது மொத்தமாக வந்தது. "பதினாறு வருசத்துக்கு முன்னால, இதே கொடை, இதே மரத்தடியில பந்தல். எனக்கு டூட்டி. சிவப்பு டவுசரோட அழுதுட்டு நின்ன பிள்ளையத் தூக்கிட்டு வந்து இவருகிட்டதான் குடுத்தேன். முறைப்படி மைக்ல சொல்லச் சொன்னேன், சொன்னாரு. யாரும் வரல. டவுன் ஸ்டேசன்ல ஒப்படைச்சிருதேன்னாரு, சரின்னு விட்டுட்டேன். எழுதி வைக்கல. அது ஒண்ணுதான் என் தப்பு. வேற தப்பு என்கிட்ட இல்ல."

எல்லோரும் மாசானத்தைப் பார்த்தார்கள். மாசானம் தரையைப் பார்த்தான். அப்படியென்றால் இந்த ஊர்தான். இந்த மண்ணில்தான் அவன் காற்றாடியோடு நின்றான். இந்த ஊரில்தான் அவனை ஒன்பது தடவை கூப்பிட்டும் ஒரு சீவன் வரவில்லை.

"எந்த மைக்ல சொன்னாவ ஏட்டையா?" என்று கேட்டாள் தெய்வானை. கரண்டி கையிலேயே இருந்தது. "இருபது வருசமா கொடை தவறாம இந்த மரத்தடியில எண்ணெய்ச் சட்டி வைக்கேன். அன்னைக்கும் குழாய் என் தலைக்கு மேலதான். வில்லுப்பாட்டு கேட்டேன், 'சைக்கிளை ஓரமா விடு'ன்னு கேட்டேன், தண்ணி லாரி வந்தது கேட்டேன். பிள்ளை காணலன்னு ஒரு சொல்லு கேக்கலியே."

"நான் பக்கத்துல நின்னு இந்த ரெண்டு காதால கேட்டேன்!"

"எனக்கென்ன காது இல்லியா? ஒண்ணு சொல்லுதேன். அன்னைக்குச் சாயங்காலம் பச்சைச் சேலைக்காரி ஒருத்தி, வெளியூர்க்காரி, கூட்டத்துக்குள்ள குனிஞ்சு குனிஞ்சு தேடிட்டு வந்தா. என்னம்மா கம்மலத் தொலைச்சிட்டியான்னு கேட்டேன். வாயத் திறக்கா, சத்தம் வரல, வெறும் காத்துதான் வருது. கையை இம்புட்டு உயரத்துக்குக் காட்டினா." தெய்வானை கரண்டியைத் தன் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே பிடித்தாள். "நான் குத்துவிளக்குன்னு நினைச்சேன். அப்புறம் மேக்க போற பஸ்ல யாரோ ஏத்தி விட்டாவ. குழாய் கூப்பிட்டிருந்தா பத்தடியில நின்னவளுக்குக் கேட்டிருக்காதா?"

சட்டியில் வடை கருகியது.

மாசானம் ஏட்டையாவிடம் திரும்பினான். "ஏட்டையா, நீங்க கேட்டது எங்கேருந்து? குழாயிலேருந்தா, அண்ணாச்சி வாயிலேருந்தா?"

ஏட்டையா காதைத் தடவிப் பார்த்தார். பதினாறு வருஷத்தில் முதல்முறையாக அவருக்குத் தன் காதின் மேலேயே சந்தேகம் வந்தது.

"மைக்கைக் கையில வச்சுதான் பேசினேன்ல" என்றார் பூல்பாண்டி. "சந்தேகம்னா ஊரைக் கேளு. முப்பத்தஞ்சு வருசம், பூல்பாண்டி மைக் பிடிச்சா எட்டு ஊருக்குக் கேக்கும்."

"அப்படின்னா இப்பச் சொல்லுங்க அண்ணாச்சி. அன்னைக்கு எப்படிச் சொன்னீங்களோ அப்படி." மாசானம் பெட்டியைத் திறந்து மைக்கை எடுத்து அவர் கையில் கொடுத்தான். வயரின் மறுமுனை பெட்டிக்குள்ளேயே சுருண்டு கிடந்தது, எதிலும் சொருகாமல். பூல்பாண்டியின் கண்ணுக்கு அது தெரியவில்லை.

அவர் மைக்கை வாங்கினார். நிமிர்ந்தார். நடுவிரலால் டொக், டொக் என்று தட்டினார். தலையைச் சாய்த்துக் காது கொடுத்தார். எதிரொலி வரவில்லை. மறுபடி தட்டினார். வரவில்லை.

"என்னல இது, லைன் இல்லியே" என்றார், இருக்கிற இடத்தை மறந்து, தொழில் கோபத்தில். "செத்த மைக்கைக் கையில குடுத்துப் பேசச் சொல்லுதியே, உன்ன நான் இப்படியா வளத்தேன்? ரெண்டு தட்டு தட்டி, எதிர்ச் சத்தம் வராம, என் ஆயுசுல ஒரு வார்த்தை பேசியிருப்பேனால நான்?"

மணி மூணு பத்து.

தலைக்கு மேலே குழாய் பேசத் தொடங்கியது. "அன்பார்ந்த பக்தப் பெருமக்களுக்கு ஓர் அறிவிப்பு." நேராக அன்பார்ந்த. அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை. எட்டு நாளாகக் கேட்ட அறிவிப்பு, மூச்சு விடுகிற இடம்கூடத் தப்பாமல் மாசானம் தனக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த அறிவிப்பு. அதில் இருந்ததையெல்லாம் திருடிக்கொண்டவன் இல்லாததைக் கவனிக்கவே இல்லை. டொக் இல்லை. டொக் இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு போலீஸ்காரரின் இரண்டு காதுக்காக மட்டும் செத்த மைக்கில் சொல்லப்பட்டு, குழாய்க்குக் கொடுக்காமல் அமுக்கப்பட்ட அறிவிப்பு. ஊர்வாயை எல்லாம் தொண்டைக்குள் வைத்திருந்த மாசானத்தையே மூன்று வயதிலிருந்து பத்தொன்பது வயதுவரை ஏமாற்றிவைத்த, உலகத்திலேயே பெரிய மிமிக்ரி. பதினாறு வருஷம் பரணில் சாக்குக்குள் படுத்துக்கிடந்த குழாய் அதைத்தான் இப்போது, கொடுக்க வேண்டிய ஊரில், கொடுக்க வேண்டிய நேரத்துக்கு, தினமும் கொடுத்துக்கொண்டிருந்தது.

"...அழைத்துச் செல்லும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறது" என்று முடித்து, குழாய் பெருமூச்சு விட்டது.

பூல்பாண்டியின் கையில் மைக் தாழ்ந்தது. "என் விரலைப் பிடிச்சிட்டு விடமாட்டேன்னுட்டான்" என்றார், யாரிடம் என்றில்லாமல். "ஒரு விரலைத்தான் பிடிச்சிருந்தான்."

அது சுவிட்சைப் போடுகிற விரல்.

மாசானத்துக்குள்ளிருந்து ஏதோ ஒன்று கிளம்பியது. கோபம் என்று முதலில் நினைத்தான், ஓங்கி அறையலாம் என்று கைகூட எழுந்தது, அழுகை என்று அடுத்து நினைத்தான். இரண்டும் இருந்தன, இரண்டையும் இடித்துத் தள்ளிக்கொண்டு மூன்றாவது ஒன்று மேலே வந்தது. கூப்பிட்டும் யாரும் வரவில்லை, யாரும் வரவில்லை என்று உப்பு லாரியிலும் தோணியிலும் சுமந்துகொண்டு அலைந்தானே, யாரும் வராமல் இல்லை. யாரையும் கூப்பிடவே இல்லை. பச்சைச் சேலை ஒன்று பத்தடி தூரத்தில் குனிந்து குனிந்து தேடியிருக்கிறது. அட அண்ணாச்சி. அட பாவி அண்ணாச்சி.

அவன் சிரித்தான்.

கூட்டம் பழக்கதோஷத்தில் அது யார் சிரிப்பு என்று பார்த்தது. ஏட்டையா சிரிப்பா? ஏட்டையா சிரித்து யார் பார்த்தது. தலைவர் சிரிப்பு இல்லை, போஸ்ட்மேன் சிரிப்பு இல்லை, பூல்பாண்டி சிரிப்பும் இல்லை. நடுவில் ஒரு இடத்தில் உடைந்து, மூச்சு வாங்கி, மூக்கு வழியாகக் கொஞ்சம் கழன்று, மறுபடி வயிற்றிலிருந்து ஏறுகிற, வாகைநேரியில் இதற்கு முன்னால் ஒருவரும் கேட்டிராத சிரிப்பு. "இது யாருது?" என்று ஒரு பிள்ளை கேட்டது. "அவனுதுதான்" என்றாள் தெய்வானை.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் முட்ட, பக்கத்தில் நின்ற பூல்பாண்டியின் தோளில் வலிக்கும்படி ஓங்கி ஓர் அடி அடித்து, சிரித்துக்கொண்டே மாசானம் ஆம்பிளிஃபயரை வெளியே எடுத்தான், சிரித்துக்கொண்டே அறுந்த வயரைப் பல்லால் சீவி முடிச்சுப் போட்டான், சிரித்துக்கொண்டே சுவிட்சைப் போட்டான், கிழவரின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கி நடுவிரலால் தட்டினான்.

டொக். டொக்.

பூவரசின் மேலிருந்து நசுங்கிய குழாய் திருப்பித் தட்டியது. டொக். டொக். அப்புறம் எட்டு ஊருக்கும் அந்தச் சிரிப்பு போனது. எல்லையில், மேற்கே போகிற பஸ் பிரேக் போட்டு நின்றது.